கெரிஸ் முதல் பீரங்கி வரை: போஸ்டர் போடும் தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, முதலில் அந்த அணுகுண்டை அழி.

கோபப்படாதே. மேல் மூலையில் கல்கோடரி, கீழ் மூலையில் காளான் புகை, நடுவில் கூகுளில் அகப்பட்ட நாற்பது படங்கள். ‘ஆயுத வரலாறு’ என்று ஆசிரியர் தலைப்புக் கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேர் இதைத்தான் கொண்டுவருவார்கள். ஸ்கூடாயில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைன் மேசையில் உட்காருகிறவள் நான். சுதந்திர மாதம், வரலாற்று வாரம் என்று எது வந்தாலும் இந்த மாதிரி கோப்புகளைத் திறந்து திறந்து கண் பூத்துப்போயிருக்கிறது. படம் நிறைய இருக்கும், ஆனால் ஒன்றும் பேசாது. சுவரில் மாட்டினால் ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாரும் கேண்டீனுக்குப் போய்விடுவார்கள்.

போஸ்டருக்கு ஒரு கேள்வி வேண்டும். அடிக்கிறவனுக்கும் அடிபடுகிறவனுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? இதைக் கேள்வியாக வைத்துக்கொள் என்பேன். ஒரு முழமா, இருபது அடியா, ஒரு மைலா, இல்லை அடிவானத்துக்கு அந்தப் பக்கமா? கை எட்டாத இடத்துக்கும் அடி போய்ச் சேர வேண்டும் என்றுதான் மனிதன் காலங்காலமாக மெனக்கெட்டிருக்கிறான். ஆகவே ஆண்டு வரிசையை விட்டுவிட்டுத் தூர வரிசையில் அடுக்கு. இடது ஓரத்தில் எதிராளியின் மூச்சுக்காற்று மேலே படுகிற தூரம், வலது ஓரத்தில் அவன் முகமே தெரியாத தூரம். ஆண்டுகளை ஒவ்வொரு படத்துக்கும் கீழே சின்னதாகக் குறித்துக்கொள்ளலாம்.

இப்படி அடுக்குவதில் நேர்மையும் இருக்கிறது. ஆண்டு வரிசை ஒரு பொய்யைச் சொல்லாமல் சொல்லும்: புதியது வந்ததும் பழையது ஒழிந்தது என்று. நம் ஜோகூரிலேயே 1942 ஜனவரி, பிப்ரவரியில் துப்பாக்கி முனையில் செருகிய பயோனெட், ஜப்பானிய அதிகாரிகளின் வாள், டாங்கி, 15 அங்குலப் பீரங்கி எல்லாம் சில வாரங்களுக்குள் ஒன்றாகவே புழங்கின. ஒருத்தன் கைநீட்டும் தூரத்தில் சண்டை போட்டான், இன்னொருத்தன் சிங்கப்பூர்த் தீவுக்கு அந்தக் கோடியிலிருந்து சுட்டான்.

கோடு போடுவது எப்படி

அரை மீட்டரிலிருந்து 30 கிலோமீட்டர் வரை ஒரே கோட்டில் எப்படி அடக்குவது என்று கேட்பாய். சாதாரண அளவுகோலில் முடியாது, கெரிஸும் ஈட்டியும் வில்லும் ஒரு புள்ளியில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்: 1 மீட்டர், 10 மீட்டர், 100 மீட்டர், 1 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். ஒவ்வொரு படிக்கும் தாளில் ஒரே அகலம். A2 தாளைப் படுக்கவைத்தால் 59.4 சென்டிமீட்டர் நீளம் கிடைக்கும். ஓரம் விட்டதுபோக ஒரு படிக்கு 10 சென்டிமீட்டர் தாராளம். உயரம் 42 சென்டிமீட்டர். மேலே தலைப்பு, நடுவில் படங்கள், அடியில் தூரக்கோடு. கூடுதல் கணிதம் எடுக்கிற நண்பன் இருந்தால் காட்டு, லாகரிதத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டா என்று சந்தோஷப்படுவான்.

இந்தக் கோட்டில் எட்டு, ஒன்பது படங்களுக்கு மேல் ஏற்றாதே. பத்தாவதை வைக்க ஆசை வந்தால் ஏற்கெனவே இருப்பதில் ஒன்றைத் தூக்கு. எதை வைப்பது, எதைத் தூக்குவது என்பதில்தான் போஸ்டரின் உயிர் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மீட்டருக்குள்

இங்கே கெரிஸ். வேறு எதற்கும் இடமில்லை.

ஜோகூரின் மிகப் பெரிய கெரிஸ் கதை கோத்தா திங்கியில் நடந்தது. 1699-இல் சுல்தான் மஹ்மூட் ஷாவை ஆட்கள் தோளில் சுமந்து தொழுகைக்குக் கொண்டுபோகும்போது மெகாட் ஸ்ரீ ராமா என்ற லக்சமணா (கடற்படைத் தலைவர்) அவரைக் குத்திக் கொன்றார். ‘மங்காட் டிஜூலாங்’, அதாவது தோளில் சுமக்கும்போது இறந்தவர் என்று அந்தச் சுல்தானுக்குப் பெயரே ஆகிவிட்டது. கோத்தா திங்கியில் கம்போங் மக்காமில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. அரசருக்கென்று வைத்திருந்த பலாவில் ஒரு சுளையை மெகாட்டின் கர்ப்பிணி மனைவி டாங் அனும் தின்றதற்காக அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார் சுல்தான் என்பது மக்கள் சொல்லும் கதை. கொலை வரலாறு, பலாச்சுளை வாய்மொழி. போஸ்டரில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதே. ‘மக்கள் கதையில்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், ஆசிரியர் உன்னை மதிப்பார். அந்த ஒரு குத்தோடு மலாக்காவிலிருந்து வந்த அரச வம்சம் ஜோகூரில் முடிந்தது, பெண்டஹாரா குடும்பம் அரியணை ஏறியது. ஒரு முழத் தூரத்து ஆயுதம் செய்த வேலை அது.

இனி வரைவதைப் பார்ப்போம். கெரிஸில் எல்லாரும் சறுக்குகிற இடங்கள் மூன்று. அலகின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் அகன்று கூராக நீளும், மறுபக்கம் யானைத் துதிக்கை மாதிரி சின்ன வளைவும் கொக்கியும் இருக்கும். சமச்சீராக வரைந்தால் அது கத்தி, கெரிஸ் இல்லை. அடுத்தது ‘லுக்’ எனப்படும் வளைவுகள். எண்ணிப் பார், ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். ஐந்து, ஏழு, ஒன்பது என்று இருக்கலாம். இரட்டைப்படையில் வந்தால் அழித்துவிட்டு மறுபடி வரை. வளைவே இல்லாத நேர் கெரிஸும் உண்டு, அதை வரைவது சுலபம், ஆனால் நண்பர்கள் நம்ப மாட்டார்கள். மூன்றாவது கைப்பிடி. அலகுக்கு நேர்கோட்டில் போகாமல் சாய்ந்து நிற்கும். குத்துவதற்கென்று செய்த பிடி அது, வெட்டுவதற்கு அல்ல. குளிரில் கூனிக்குறுகி உட்கார்ந்தவன் போன்ற பிடிக்கு ‘ஜாவா டெமாம்’ என்று பெயர். அதை ஒருமுறை வரைந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

வீட்டில் பழைய ஒரு ரிங்கிட் நாணயம் இருக்கிறதா பார். 1989-இல் வந்த வரிசையில் ஒரு ரிங்கிட் நாணயத்தில் கெரிஸ் இருக்கும், 2005 டிசம்பரில் அதைச் செல்லாததாக்கிவிட்டார்கள். அப்பாவின் சில்லறை டப்பாவில் ஒன்றாவது தூங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து வரையலாம்.

ஒரு எச்சரிக்கை. கெரிஸ் நம் நாட்டில் மரியாதைச் சின்னம். அரச அணிகலனிலும் இருக்கிறது, கட்சிச் சின்னத்திலும் இருக்கிறது. அதில் ரத்தம் சொட்டுவதுபோல் வரைவது, கார்ட்டூன் கண் வைப்பது எல்லாம் வேண்டாம். பள்ளிச் சுவருக்கு அது தேவையே இல்லாத வம்பு.

பத்து முதல் நூறு மீட்டர்

இங்கே கூட்டம் அதிகம். ஈட்டி, வில், ஊதுகுழல், வளரி எல்லாமே இந்தப் படியில்தான் வந்து நிற்கும். எல்லாவற்றையும் வைக்க முடியாது.

ஒராங் அஸ்லி மக்களின் ‘சும்பிட்’ ஊதுகுழலை வை. ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான குழல், இப்போ மரத்துப் பாலில் தோய்த்த அம்பு. ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்ததும் அந்த மரம்தான். இது போர் ஆயுதத்தைவிட வேட்டைக் கருவி, அதையும் எழுது. ஆயுதம் என்றாலே ஆளைக் கொல்வதற்கு என்று நினைக்கிற பார்வையாளனுக்கு அந்த ஒரு வரி புதிதாக இருக்கும்.

நம் பக்கத்திலிருந்து வளரி. சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்கள் கையில் புகழ்பெற்ற எறிதடி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் நினைவுக்குறிப்புகளில், ஈட்டி எறியவும் இந்தத் தடியை வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். பிறகு அதே கம்பெனிப் படைதான் 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருதுவைத் தூக்கிலிட்டது. வளரியை ஆஸ்திரேலிய பூமராங் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் வரையாதே. ஒரு முனை பருத்துக் கனமாக இருக்கும். எறிந்தவன் கைக்கே திரும்பிப் பறந்து வருவதாக அம்புக்குறி போடுவதையும் தவிர். அடித்து வீழ்த்தத்தான் அது.

வேல் வைக்கலாமா என்று நீ கேட்பாய் என்று தெரியும். எனக்கு மனசு ஒப்பவில்லை. தைப்பூசத்தில் கும்பிடுகிற வேலைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு ‘ஐட்டம்’ மாதிரி ஒட்டுவது சரியாகப்படவில்லை, பாட்டி பார்த்தால் போஸ்டரே போய்விடும். ஈட்டி வேண்டுமென்றால் ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்பு ஈட்டிமுனையை வரை. அலெக்சாண்டர் ரியா தோண்டியெடுத்த பொருள்களில் வாளும் ஈட்டியும் இருக்கின்றன, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். துருப்பிடித்த அந்த வடிவமே வரைவதற்கு அழகு. தமிழ்நாட்டு இரும்பின் பழமை பற்றி 2025 ஜனவரியில் வந்த அறிக்கையில் சிவகளை இரும்புக்குப் பொ.ஆ.மு. 3345 வரை காலம் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணைப் போடுவதாக இருந்தால் ‘தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கைப்படி’ என்று கூடவே எழுது.

ராஜேந்திர சோழனின் 1025 கடாரப் படையெடுப்பு? நம் ஆட்கள் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வென்ற ஊர்களைத்தான் வரிசையாகச் சொல்கிறது, கப்பலில் என்ன வாள் போனது என்று படம் வரைந்து காட்டவில்லை. சினிமாவில் பார்த்த வாளை வரைந்து ‘சோழர் வாள்’ என்று எழுதாதே. சோழர் ஆயுதம் கட்டாயம் வேண்டுமென்றால் கோயில் சிற்பத்திலோ நடுகல்லிலோ இருக்கிற வடிவத்தைப் பார்த்து வரை. நடுகல் வீரன் கையில் வில்லும் குறுவாளும் எவ்வளவு துலக்கமாக இருக்கும் தெரியுமா! போஸ்டருக்கென்றே செதுக்கியதுபோல் பக்கவாட்டுத் தோற்றம்.

நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை

வெடிமருந்து வந்துவிட்டது. இங்கே ‘லேலா’ எனும் சின்னச் சுழல் பீரங்கியை வை. படகு விளிம்பிலும் கோட்டை மண்மதிலிலும் பொருத்திச் சுடுவது. நம்மூரில் அதற்கு இடம் ஜோகூர் லாமா கோட்டை. ஜோகூர் ஆற்றங்கரையில் சுல்தான்கள் கட்டிய அந்தக் கோட்டையை 1587-இல் போர்த்துக்கீசியர் தகர்த்துப் பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 1511-இல் அல்புகெர்க்கி மலாக்காவைப் பிடித்தபோதும் இதே கதைதான், பிடித்த பீரங்கிகளை ஆயிரக்கணக்கில் சொல்கின்றன அவர்கள் குறிப்புகள். வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குப் பீரங்கியைக் காட்டினான் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு பெட்டிச் செய்தி போதும்.

இந்தப் படியின் வலது கடைசியில், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரில், மைசூர் ராக்கெட். இரும்புக் குழலில் மருந்தை அடைத்து மூங்கிலில் கட்டி விட்டது. 1780-இல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூர்ச் சண்டையில் ஹைதர், திப்பு படைகள் இதைப் பயன்படுத்தின. பிறகு இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்ததற்குத் தூண்டுதல் இதுதான். 2018-இல் கர்நாடகத்தில் நகரா கோட்டையின் பழங்கிணற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் உறைகள் கிடைத்தன. அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் உருளை எவ்வளவு எளிமையானது என்று தெரியும், வரைய ஐந்து நிமிடம்.

துப்பாக்கிக்கு ஒரே ஒரு இடம்தான் ஒதுக்குவேன்: லீ-என்ஃபீல்ட் .303. 1950 பிப்ரவரி 23 விடியுமுன் மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையத்தைக் கம்யூனிஸ்டுகள் சூழ்ந்தபோது மரக் கட்டடத்துக்குள்ளிருந்து போலீஸ்காரர்கள் சுட்ட துப்பாக்கிகளின் ரகம் அது. உன் வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கும், ஆகையால் ஆசிரியருக்கும் பிடிக்கும். தங்கச்சிமார் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு வேறொரு யோசனை. அதே படியில் ஜான்சி ராணிப் படையை வையுங்கள். 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்தது, தலைவி கேப்டன் லட்சுமி. மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கியும் பயோனெட்டும் பிடித்துப் பயிற்சி எடுத்தார்கள். நம் ஜானகி ஆதி நாகப்பனும் ராசம்மா பூபாலனும் அதில் இருந்தவர்கள். ஆயுத போஸ்டர் என்றால் ஆண் கையை மட்டும் வரைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

வலது ஓரத்துக்கு ஜோகூர் பெயரையே தாங்கிய ஆயுதம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது நின்ற இடம் ஜோகூர் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் சாங்கி. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு நம் சுல்தான் இப்ராகிம் 5 லட்சம் பவுன் அன்பளிப்பு கொடுத்தார். அந்தப் பணத்தில் பெரும்பங்கு சிங்கப்பூர்க் கடற்காவலுக்குப் போனது, அதனால் சாங்கிப் பீரங்கி நிலையத்துக்கு ‘ஜோகூர் பேட்டரி’ என்று பெயர் வைத்தார்கள். மூன்று பீரங்கிகள், குழாய் வாய் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். குண்டு ஒன்றின் எடை 800 கிலோவுக்கு மேல். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பாயும். எல்லாப் பீரங்கியும் கடலையே பார்த்து நின்றதால்தான் சிங்கப்பூர் விழுந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். அதை அப்படியே எழுதிவிடாதே. பிரிட்டிஷார் நிலத்துப் பக்கமும் திருப்பிச் சுட்டார்கள். ஆனால் கையிருப்பில் பெரும்பாலும் கப்பல் கவசத்தைத் துளைக்கிற குண்டுகளே இருந்தன. மண்ணில் புதைந்து போகிற அந்தக் குண்டு காட்டில் பரவி வருகிற காலாட்படையை என்ன செய்யும்? 1942 பிப்ரவரி 15-இல் சரணடைவதற்கு முன் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப்போட்டார்கள். இன்று சாங்கியில் மாதிரிப் பீரங்கி ஒன்றை வைத்திருக்கிறார்கள். காஸ்வே நெரிசலைத் தாங்கிக்கொண்டால் ஒரு நாளில் போய்ப் பார்த்து வரலாம். போக முடியாவிட்டால் நம் பக்கத்துப் பெங்கேராங்கில் 6 அங்குலப் பீரங்கிகள் நின்ற மலையும் காவல் அரண்களும் இருக்கின்றன.

போஸ்டரின் அடியில் சின்னதாக ஜோகூர் வரைபடம் வைத்தால் கோத்தா திங்கி, ஜோகூர் லாமா, புக்கிட் கெப்போங், பெங்கேராங், மூவார் எல்லாவற்றையும் குறி. பாரிட் சூலோங்கையும் குறி. 1942 ஜனவரியில் காயப்பட்டுப் பிடிபட்ட ஆஸ்திரேலிய, இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியப் படை அங்கே கொன்றது. அதற்குப் படம் வேண்டாம், பெயரும் தேதியும் போதும்.

அளவு, கோடு, வண்ணம்

எல்லா ஆயுதத்தையும் ஒரே அளவுவிகிதத்தில் வரை. பத்தில் ஒன்று என்று வை: 40 சென்டிமீட்டர் கெரிஸ் அலகு தாளில் 4 சென்டிமீட்டர், இரண்டு மீட்டர் ஊதுகுழல் 20 சென்டிமீட்டர். இப்போது சிக்கல் வரும். அந்த 15 அங்குலப் பீரங்கிக் குழாய் 16 மீட்டருக்கு மேல், பத்தில் ஒரு பங்கு வரைந்தாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டும், தாளே பத்தாது. அதனால் பீரங்கியை விட்டுவிட்டுக் குண்டை மட்டும் நிறுத்தி வரை. பக்கத்தில் ஒரு ஆளின் நிழலுருவம். குண்டு அவன் மார்பளவு வரும். கெரிஸையும் குண்டையும் ஒரே தாளில் பார்க்கிறவன் உன் தலைப்பைப் படிக்காமலே விஷயத்தைப் பிடித்துக்கொள்வான்.

எல்லாமே பக்கவாட்டுத் தோற்றத்தில் இருக்கட்டும். துப்பாக்கி வாய் பார்ப்பவனை நோக்கி நிற்கிற படம் சினிமா போஸ்டருக்குச் சரி, வகுப்பறைக்கு வேண்டாம். வெளிக்கோடு தடிப்பு, உள்கோடு மெல்லிசு, இரண்டே பேனா. வண்ணம் மூன்றுக்கு மேல் வேண்டாம். இரும்புக்கு அடர்சாம்பல், மரத்துக்குச் செங்காவி, பின்னணிக்கு வெளிர்மஞ்சள். பஞ்சோ போஸ்டர் கலர் பூசுகிறாய் என்றால் இரும்பின் பளபளப்புக்கு வெள்ளையைப் பூசாதே, அந்த இடத்தைத் தாளாகவே விட்டுவிடு. மணிலா அட்டையில் தண்ணீர் அதிகமானால் அலை அலையாகச் சுருளும், தூரிகையைத் துடைத்துத் துடைத்துப் பூசு. மாஜோங் பேப்பரில் கரட்டு வடிவம் போட்டுப் பார்ப்பது நல்லது, அசல் படத்தை அதில் வரையாதே, கிழிந்துவிடும்.

எங்கே பார்த்து வரைவது

ஜோகூர்க்காரனுக்கு ஒரு முன்னோடி உண்டு. ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் ஜோகூர் அரசின் சுங்கத்துறையில் வேலை பார்த்தார். வேலை நேரம் போக ஜோகூர் லாமாவில் தோண்டுவது, கெரிஸ் சேர்ப்பது. 1936-இல் கெரிஸும் மற்ற மலாய் ஆயுதங்களும் பற்றி ஒரு படப்புத்தகம் சிங்கப்பூரில் வெளியிட்டார். ஊருக்குத் திரும்பியபின் விக்கா என்ற சூனிய மார்க்கத்துக்கே பிதாமகராகிவிட்டார் மனிதர், அது வேறு கதை. அந்தப் புத்தகம் நூலகத்தில் கிடைத்தால் ஆயுதத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் மலாய்ப் பெயரை எப்படிக் குறித்திருக்கிறார் என்று பார். போஸ்டரில் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுகிற வித்தைக்கு அது நல்ல பாடம். ஆனால் காலனிக்காரர் கண்ணில் எழுதியது, சொன்னதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொள்ளாதே.

படம் தேடும்போது கூகுள் படங்களிலிருந்து நேரே எடுக்காதே. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பொதுவுடைமையில் உள்ள படங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்பவர் 1935-இல் எழுதிவைத்துவிட்டுப் போன சேகரிப்பில் கெரிஸ், கட்டார் எனும் இந்தியக் குத்துவாள் எல்லாம் துல்லியமான புகைப்படங்களாக இருக்கின்றன. அளவும் கூடவே எழுதியிருப்பார்கள், உன் பத்தில் ஒரு பங்கு கணக்குக்கு அதுதான் வேண்டும். அருங்காட்சியகத்துக்கு நேரே போவதாக இருந்தால் முதலில் போன் பண்ணித் திறந்திருக்கிறதா என்று கேள், பழுதுபார்ப்பு என்று பூட்டிவைப்பது நம்மூரில் புதிதில்லை. பென்சிலும் ஏடும் கொண்டுபோ. படம் எடுக்கத் தடை இருந்தாலும் வரையத் தடை சொல்ல மாட்டார்கள்.

மாதிரிக்கென்று வீட்டுப் பாராங் கத்தியையோ பொம்மைத் துப்பாக்கியையோ பள்ளிக்குக் கொண்டுபோகும் யோசனை இருந்தால் இப்போதே விடு. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் சும்மா விடவில்லை. அட்டையில் வெட்டிய வடிவம் போதும்.

எழுத்தும் அச்சும்

தலைப்பெழுத்து இரண்டரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும், மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்க முடியும். படக்குறிப்பு 24 புள்ளிக்குக் கீழே போகாதே. ஒரு படத்துக்கு இருபது சொல் எல்லை. கணினியில் செய்தால் தமிழ் எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. நம் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி ஆப்பிள் கணினியிலேயே இருக்கும், மற்றவர்களுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இலவசம். வரிக்கு வரி இடைவெளி எழுத்தின் ஒன்றரை மடங்கு வை. இல்லையென்றால் மேல்வரி ‘கு’வின் வாலும் கீழ்வரி ‘கி’யின் மேல்வளைவும் இடித்துக்கொள்ளும்.

ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு இடம் மாறி உடைந்து நிற்கிறதா? எழுத்து அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடு, சரியாகிவிடும். முடித்ததும் எழுத்துகளை வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆக்கு. இதைச் செய்யாமல் கொண்டுவருகிறவர்களின் ‘கெரிஸ்’ எங்கள் கடைக் கணினியில் ‘கரெஸி’ மாதிரி ஏதோ ஒன்றாக வந்து நிற்கும். படத் தெளிவு 300 டிபிஐ என்றால் A2-க்கு 4961க்கு 7016 புள்ளி வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற போஸ்டருக்கு 150-உம் போதும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வண்ணத்தை வெளியே வழியவிடு, வெட்டும்போது வெள்ளைக் கோடு வராது. கோப்பை வாட்சப்பில் புகைப்படமாக அனுப்பாதே, பிழிந்து பாதியாக்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்பு.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு மங்கலான லேமினேஷன் நல்லது. பளபளப்பு லேமினேஷன் போட்டால் வகுப்பு ட்யூப்லைட் கெரிஸ் மேலேயே விழுந்து கண்ணைக் கூசவைக்கும். கையால் வரைந்த அட்டைக்கு லேமினேட் வேண்டாம், போஸ்டர் கலர் சூட்டில் ஒட்டிக்கொண்டு பெயரும்.

இன்னொன்று. 2025-இலிருந்து ஜோகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை கடையில் கல்யாணப் பேனர்க் கூட்டம். வியாழக்கிழமையே கோப்பை அனுப்பு, ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அக்காவுக்கு மெசேஜ் போடாதே.